‘நீயாத் தேடிக்கிட்டதுதானே!’

*காதலித்து மணந்த பெண்ணை அடிக்கும் கைக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது? அந்த வீட்டில் வளரும் பிள்ளைகள் எதைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறார்கள்?*

காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண், கணவன் கை நீட்டிவிட்டான் என்று பிறந்த வீட்டுக்கு போன் செய்தால், எத்தனையோ வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் முதல் பதில் இதுதான்: ‘நீயாத் தேடிக்கிட்டதுதானே!’ அம்மா அழுதுகொண்டே சொல்வாள். அண்ணன் போனைப் பிடுங்கிக் கத்திச் சொல்வான். காவல் நிலையத்துக்குப் போனாலும் ‘லவ் மேரேஜா?’ என்ற கேள்விதான் முதலில் வரும். மீதியைச் சொல்லாமலே அவள் புரிந்துகொள்வாள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு, ‘என்னம்மா பண்றது, நீயா ஆசைப்பட்டு வந்தது’ என்பார்.

இவர்களில் யாரும் அவளை அடித்தவர்கள் இல்லை. ஆனால், இந்தப் பதிலை இவர்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவன் அவளை அடித்தவன்தான். ‘எங்க போவ? உங்கப்பன் வீட்டுக்கா? போய்ப் பாரு, கதவத் திறக்கறாங்களான்னு!’

அடைபட்ட அந்தக் கதவுதான் அவனுடைய பலம். குடியும் சந்தேகமும் கோபமும் முதல் அடியைத் தொடங்கிவைக்கலாம். வருடக்கணக்காக அதை நடத்திக்கொண்டு போவது, கேட்க ஆளில்லை என்ற நிச்சயம்.

காதல்தான் காரணமா?

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. மணமான, 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில், கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம். தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். பெண் கல்வியில் பெருமைப்பட நிறைய இருக்கும் மாநிலம் இது. பஸ்ஸிலும் ரயிலிலும் காலையில் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய மாநிலம். இங்கேதான் நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே நடக்கும் கல்யாணங்களில் ஆகப் பெரும்பான்மை, ஜாதகமும் சாதியும் பார்த்துப் பெரியவர்கள் பேசி முடித்தவை. அப்படியானால் அடிவாங்கும் பெண்களிலும் பெரும்பாலானவர்கள், பெற்றவர்கள் தேடிக் கொடுத்த மாப்பிள்ளையிடம்தான் அடிவாங்குகிறார்கள். காதலித்ததால்தான் இந்தக் கதி என்று சொல்வதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆனாலும், பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளை அடித்தால் அதற்குத் தலையெழுத்து என்று பெயர்; மகள் தேர்ந்தெடுத்தவன் அடித்தால் அவள் திமிருக்குக் கிடைத்த கூலி.

இரண்டு கல்யாணங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பார்த்துச் செய்த கல்யாணத்தில் பிரச்னை என்றால் தாய்மாமன், பெரியப்பா, சம்பந்தம் பேசி முடித்தவர் என்று நாலு பேர் வந்து உட்காருவார்கள். ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று அவளுக்கே புத்தி சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள். அந்தப் பஞ்சாயத்தை நான் உயர்த்திப் பேச வரவில்லை. எத்தனையோ பெண்களை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிச் சாகக் கொடுத்ததும் அதே பஞ்சாயத்துதான். ஆனாலும், இவளுக்கு ஆள் இருக்கிறது என்ற எண்ணம் அந்த மாப்பிள்ளையின் மனதில் ஒரு மூலையில் இருக்கும். ஆடிக்கும் தீபாவளிக்கும் வந்துபோகிறவர்கள் அவள் கையில் இருக்கும் கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிடக்கூடும்.

வீட்டை எதிர்த்து மணந்தவளை ஆடிக்கு அழைக்க யாருமில்லை. வளைகாப்புக்கு வளையல் கொண்டுவர யாருமில்லை. பிரசவம் முடிந்து மூன்று மாதம் படுத்திருக்க அம்மா வீடு இல்லை. அவள் உடம்பை உற்றுப் பார்க்கும் கண்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. இந்திய அளவில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி தேடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் வெறும் 14 சதவீதம். அந்தச் சிலரிலும் அதிகம் பேர் போய் நின்ற இடம் பிறந்த வீடுதான். போலீஸிடம் போனவர்கள் மிகச் சொற்பம். அதாவது, இந்த நாட்டில் அடிவாங்கிய பெண்ணுக்கு நடைமுறையில் இருக்கும் ஒரே புகலிடம் பிறந்த வீடு. காதலித்தவளுக்கு நாம் அடைப்பதும் அதைத்தான்.

மறைத்துப் பழகிய காதல்

பல கதைகளில் கல்யாணத்துக்கு வெகு முன்பே எல்லாம் தொடங்கிவிடுகிறது. கல்லூரி இரண்டாம் வருடத்தில், ‘அவன் ரொம்ப பொசசிவ்டி’ என்று தோழியிடம் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருக்கும். நம்மை இவ்வளவு முக்கியமாக நினைக்க ஒருவன் இருக்கிறானே என்ற பூரிப்பு அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அதுவரை அவளை யாரும் அப்படி நினைத்ததாகக் காட்டிக்கொண்டது இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வரும். ‘ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன்ல இருந்தியே, யாருகிட்ட பேசிட்டு இருந்த?’ ‘வீடியோ கால் போடு, பக்கத்துல யாரு இருக்கான்னு காட்டு.’ இன்ஸ்டா பாஸ்வேர்டு அவன் கைக்குப் போகும். வகுப்புப் பையன்களோடு எடுத்த போட்டோக்கள் அழியும். அப்புறம் பெண் தோழிகளும் ஒவ்வொருவராக விலகுவார்கள். ‘அவ சரியில்ல, அவகூட சேராத’ என்று அவன் சொல்லியிருப்பான். அவள் முரண்டு பிடித்தால் பிளேடால் கையைக் கிழித்துக்கொண்டு போட்டோ அனுப்புவான். பிரிகிறேன் என்றால் செத்துவிடுவேன் என்பான், இல்லையென்றால் அவளுடைய படங்களை வெளியே விடுவேன் என்பான். முதல் அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலோ கடற்கரையிலோ நடக்கும். அடுத்த நிமிடமே அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அந்த அழுகையை அன்பின் அளவாகவே எடுத்துக்கொள்வாள்.

இது நம் ஊரின் கதை மட்டுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் ஒரு கணக்கை வெளியிட்டது. துணையோடு வாழ்ந்த அல்லது காதல் உறவில் இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேர், இருபது வயதை எட்டுவதற்குள் அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்துவிடுகிறார்கள். எண்ணிக்கையில் சொன்னால் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் சிறுமிகள்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு என்றால், அது மௌனம். காதலிக்கிறேன் என்று சொல்லவே இடமில்லாத வீட்டில், காதலன் அடித்தான் என்று ஒரு பெண் யாரிடம் சொல்வாள்? சொன்னால் முதலில் போன் போகும். பிறகு படிப்பு நிற்கும். ஒரே மாதத்தில் யாரோ ஒரு சொந்தக்காரப் பையனோடு அவசரக் கல்யாணம். அவன் கொடுக்கும் அறையைவிட வீட்டில் கிடைக்கப்போகும் தண்டனை பெரிதாக இருப்பதால், அறையை அவள் விழுங்கிக்கொள்கிறாள். காதலை மறைத்து மறைத்துப் பழகியவள், அதே கையோடு காயத்தையும் மறைக்கப் பழகிவிடுகிறாள். பின்னால் அவன் வீட்டில் போய் வாழும்போது இந்தப் பழக்கம்தான் அவளுக்கு எமனாகிறது.

பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனவளின் நிலை இன்னும் இறுக்கமானது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் பாலுறவுக்குத் தரும் சம்மதம் செல்லாது. குற்றம் நடந்தது தெரிந்தவர்கள் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 19-வது பிரிவு. மருத்துவருக்கும் அது பொருந்தும். குழந்தைகளைக் காப்பதற்கு இந்தச் சட்டம் கட்டாயம் தேவை. ஆனால், அவனை நம்பி வந்து கர்ப்பமாகவும் இருக்கும் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். உதடு கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் வயதைக் கேட்பார்கள். அவன் சிறைக்குப் போவான். போனால் இவள் எங்கே போவாள்? அதனால் மஞ்சளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடக்கிறாள். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதல் தொடர்பான ஒரு போக்சோ வழக்கை ரத்து செய்தபோது, இத்தகைய உறவுகளுக்காக இந்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை என்றும், சட்டத்தில் உரிய மாற்றம் தேவை என்றும் சொன்னார். அந்த விவாதம் பெரும்பாலும் பையன் சிறைக்குப் போவதைப் பற்றியே நடக்கிறது. அடிவாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத பெண்ணும் அந்த விவாதத்துக்குள் வர வேண்டும்.

சாதி மாறிய கல்யாணம் என்றால் மௌனம் இரட்டிப்பாகும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில், சாதி மாறி மணந்துகொண்ட சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா காயங்களோடு பிழைத்தார். அந்தக் கொலையின் சிசிடிவி காட்சியைப் பார்த்த மாநிலம் இது. தன் வீட்டு ஆட்களால் கணவனின் உயிருக்கு ஆபத்து என்று பயந்து ஓடிவந்த பெண், அதே கணவன் அடிக்கும்போது அந்த வீட்டுக்கே எப்படி போன் செய்வாள்? செய்தால், ‘அந்தச் சாதிக்காரன் புத்தியப் பாத்தியா’ என்று தொடங்குவார்கள். அவர்கள் சொன்னது சரியாகிவிடக் கூடாது என்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பெண்கள் உண்டு. மறுபக்கம், தலித் பெண்ணை விரும்பி மணந்த ஆதிக்கசாதி ஆண், சண்டை என்று வந்ததும் முதலில் எடுக்கும் ஆயுதம் அவளுடைய சாதிப் பெயராக இருப்பதும் உண்டு.

அடிக்கும் நாள், அழும் நாள்

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர், அடிவாங்கிய பெண்களைப் பற்றி 1979-ல் எழுதிய நூலில் ஒரு சுழற்சியைச் சொன்னார். வீட்டில் இறுக்கம் கூடிக்கொண்டே வரும். ஒருநாள் அது அடியாக வெடிக்கும். பிறகு மன்னிப்பும் கொஞ்சலும். நம் தெருக்களில் அந்த மூன்றாம் கட்டம் மல்லிகைப்பூவோடும் பரோட்டா பார்சலோடும் வரும். ‘குடிச்சதுதான் தப்பு, இனிமே தொடவே மாட்டேன், குழந்தை மேல சத்தியம்.’ அவளுக்கு அந்த வார்த்தை பொய்யாகத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் காலைப் பிடித்து அழுத பையன் அந்த முகத்தில் இன்னும் இருப்பான். தான் காதலித்தது இவனைத்தான், அடித்தவன் வேறு யாரோ, குடி கொண்டுவந்த ஆள் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். குடி வன்முறையைக் கூட்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், குடித்துவிட்டு வரும் அதே ஆள் வழியில் நிற்கும் எஸ்.ஐ.யை அடிப்பதில்லை, முதலாளியை அடிப்பதில்லை. யாரை அடித்தால் யாரும் கேட்கமாட்டார்களோ அவளைத்தான் அடிக்கிறான். அந்த அளவுக்கு போதையிலும் அவனுக்குத் தெளிவு இருக்கிறது.

பைக் சத்தம்

அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவோம். இந்த விஷயத்தில் நாம் மிகக் குறைவாகப் பேசுவது அவர்களைப் பற்றித்தான். ‘சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்’ என்று தாண்டிப் போகிறோம்.

அதற்கு எல்லாம் தெரியும். அப்பா வரும் பைக் சத்தத்திலேயே தெரியும். ஸ்டாண்டு போடும் வேகத்தில், செருப்பைக் கழற்றி எறிவதில், சாவியை டிவி பக்கத்தில் போடும் ஓசையில், இன்றைக்கு ராத்திரி எப்படி என்று எட்டு வயதுப் பிள்ளை கணித்துவிடும். உடனே டிவி சத்தத்தைக் குறைக்கும். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல உட்காரும். தம்பியை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகும். இந்தக் கணக்கில் அது பிசகுவதே இல்லை. மறுநாள் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு மட்டும் ஏன் மண்டையில் ஏறவில்லை என்று டீச்சருக்குப் புரியாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை சொன்னதும் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். நாய் துரத்தும்போது அது உயிரைக் காக்கும். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அதே எச்சரிக்கை மணி அடித்தால், வளரும் மூளை அதையே இயல்பு நிலையாக எடுத்துக்கொள்கிறது. கவனம், ஞாபகம், தூக்கம் எல்லாம் பாதிக்கும். பத்து வயதில் படுக்கையை நனைக்கும் பிள்ளை, காரணமே தெரியாத வயிற்றுவலியோடு அடிக்கடி பள்ளிக்கு வராமல் போகும் பிள்ளை, தட்டு கீழே விழுந்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை: இவர்களை மந்திரிக்கக் கூட்டிப்போவதற்கு முன் வீட்டுக்குள் பார்க்க வேண்டும்.

1990-களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள், 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டவற்றில் ஒன்று, அம்மா அடிவாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா என்பது. 1998-ல் வெளியான முதற்கட்ட முடிவு மருத்துவ உலகத்தை உலுக்கியது. இப்படிப்பட்ட கசப்புகளில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுகூட இல்லாதவர்களைவிட, குடி அடிமைத்தனம், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. ஐம்பது வயதில் வரும் இதய நோய்க்கும் ஐந்து வயதில் கேட்ட அலறலுக்கும் தொடர்பு இருந்தது.

நம் பக்கத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. சென்னை, வேலூர் உட்பட இந்தியாவின் ஏழு இடங்களில் 9,938 பெண்களைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. மணவாழ்வில் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 40 சதவீதம். அவர்களில் 56 சதவீதம் பேருக்கு மனநலம் குன்றியிருந்தது. கணவனின் தொடர் குடி, சிறுவயதில் தன் அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தது ஆகியவை ஒரு பெண் அடிவாங்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக அதே ஆய்வின் இன்னொரு பகுதி காட்டியது. அடிவாங்கும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த மகள் தானும் அடிவாங்கும் வாய்ப்பு அதிகம். இது எப்படி நடக்கிறது?

அந்த வீட்டு மூத்த பெண்ணைப் பாருங்கள். பத்து வயதிலேயே அவள்தான் அம்மா. தம்பிக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்புவாள். அம்மாவின் முதுகுக்கு ஒத்தடம் கொடுப்பாள். ‘அம்மாவ காணோமே?’ என்று கேட்கும் பக்கத்து வீட்டாரிடம் ‘காய்ச்சல்’ என்று முகம் மாறாமல் சொல்வாள். ‘சாப்பிட்டியா’ என்று அவளை யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்கும் தெம்பு அம்மாவிடம் மிச்சமில்லை. பதினாறு வயதில், ரீசார்ஜ் கடையிலோ மில் பஸ்ஸிலோ டியூஷன் வாசலிலோ ஒருவன் அவளைப் பார்த்து ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்விக்கு அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள் என்பது கேட்டவனுக்கே தெரியாது. அவளுக்குக் காதல், வீட்டைவிட்டு வெளியேறும் வழியாக வருகிறது. அவன் பாஸ்வேர்டு கேட்கும்போது அவளுக்குள் எந்த மணியும் அடிப்பதில்லை. கேள்வி கேட்பதும் கத்துவதும் பிறகு கொஞ்சுவதும் ஆண்களின் வழக்கம் என்றுதான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள்.

மகனுக்கு வேறு விதம். பதினான்கு வயதில் ஒருநாள் அப்பாவின் கையைப் பிடித்துத் தடுப்பான். அன்று ராத்திரி அந்த வீட்டில் எல்லாம் மாறும். பல வீடுகளில் அடி நிற்பதே மகன் தோள் உயர்ந்த பிறகுதான். ஆனால், அந்தக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஏதோ ஒரு எரிச்சலில் அவன் கதவைச் சாத்தினால், அம்மாவே சொல்வாள்: ‘நீயும் உங்கப்பன் மாதிரியேதான் வருவ.’ தாங்க முடியாத வலியில் சொல்வதுதான். என்றாலும் ஒரு பையனிடம் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு என்றால் அதுதான். அடியைப் பார்த்து வளர்ந்த எல்லாரும் அடிக்கிறவர்களாக ஆவதில்லை. அந்த வீட்டில் வளர்ந்ததாலேயே வாழ்நாள் முழுக்கக் குரலை உயர்த்தாத ஆண்களும் இருக்கிறார்கள். தன் ரத்தத்தில் அது இருக்கிறதோ என்று பயந்து கல்யாணமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

யார் மீள்கிறார்கள், எப்படி மீள்கிறார்கள்? ஹவாய் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர், அன்பும் தன்னம்பிக்கையும் உள்ள மனிதர்களாக நிமிர்ந்தார்கள். அவர்களிடம் காணப்பட்ட பொதுவான அம்சங்களில் முக்கியமானது, சின்ன வயதில் நிலையாகப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தது. அது பெற்றோராக இருக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு அது தாத்தா, பாட்டி.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் கண்முன் வந்தன. மகளைத் தண்டிப்பதாக நினைத்து, அவள் பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய அந்த ஒரு பெரியவரை நாம் அப்புறப்படுத்திவிடுகிறோம். பைக் சத்தத்துக்குப் பயப்படாமல் ஒரு ராத்திரி தூங்குவதற்கு, கோடை லீவில் ஒரு மாதம் வேறு விதமான வீட்டைப் பார்ப்பதற்கு, ஆண்கள் எல்லாரும் இப்படி இல்லை என்று தாத்தாவைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே இடம் அது.

பேரக்குழந்தை பிறந்ததும் கோபம் போய்ச் சேர்ந்துகொண்ட குடும்பங்கள் நிறைய உண்டு. நல்லதுதான். ஆனால், அங்கேயும் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருக்கும்: சேர்த்துக்கொண்டோம், இனிமேல் எந்தப் பிரச்னையும் கொண்டுவராதே. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். மகளின் கையில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

தாலி இல்லாவிட்டாலும் சட்டம் உண்டு

கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, பதிவு செய்யாமல் வாழ்பவர்கள் பலர். ‘ஆதாரமே இல்ல, நீ என் பொண்டாட்டியே இல்ல’ என்று அவன் மிரட்டுவான். இந்த மிரட்டலைக் கேட்டு ஒடுங்க வேண்டியதில்லை. 2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணமான பெண்களுக்கு மட்டுமல்லாமல், கணவன் மனைவிபோல ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்களுக்கும் பொருந்தும். அடி மட்டுமே வன்முறை என்றும் அது சொல்லவில்லை. வார்த்தையால் வதைப்பது, பாலியல் வதை, செலவுக்குக் காசு கொடுக்காமல் வைத்திருப்பது, அவள் சம்பளத்தைப் பிடுங்குவது எல்லாமே அதில் வருகின்றன.

இந்தச் சட்டத்தின் கீழ் அவள் கேட்கக்கூடியது, அவனைச் சிறைக்கு அனுப்புவதை அல்ல. அடிக்காதே, கிட்டே வராதே என்ற உத்தரவு, அந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை. உத்தரவை அவன் மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. ‘அவர ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனசில்ல, அடிக்காம இருந்தாப் போதும்’ என்று சொல்லும் பெண்களுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை அவள் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. தப்பி வந்து தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்றங்களின் சுமையில் அந்த 60 நாள் பெரும்பாலும் ஏட்டில்தான் நிற்கிறது. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் என்ற கணக்கு, நூற்றுக்கு முப்பத்தெட்டு என்ற எண்ணின் முன் எந்த மூலைக்கு? 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தபோது பெண்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இன்று அங்கே போகும் பெண் பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடும், ‘ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க’ என்ற கவுன்சிலிங்கோடும் திரும்புகிறாள். அடிக்கிறவனையும் அடிவாங்குகிறவளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசச் சொன்னால், அவள் எதைப் பேசுவாள்? ராத்திரி அவனோடுதானே வீட்டுக்குப் போக வேண்டும்?

ஆனாலும் வழிகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், குழந்தைகளுக்கு 1098. மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி, மனநல ஆலோசனை ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகள் இத்தகைய பெண்களோடும் தீக்காயத்தோடு பிழைத்தவர்களோடும் வருடக்கணக்காக உடன் நிற்கின்றன. இன்னொன்று சின்ன விஷயமாகத் தெரியும்: 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. செலவுக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதவன் வீட்டிலிருந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வரைக்கும் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்விடலாம்.

பீரோவில் இருக்கும் சர்டிபிகேட்

பெற்றவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகளை மன்னிக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. அவள் தேர்ந்தெடுத்தவனைப் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. கோபம் உங்களுடையது, அது ஆறும்போது ஆறட்டும். ஆனால், அவள் போன் நம்பரை பிளாக் செய்யாதீர்கள். உங்களால் பேச முடியாவிட்டால், அவள் பேசக்கூடிய ஒரு சித்தியை, ஓர் அத்தையைப் பேசச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை யாரோ ஒருவர் அவள் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்கூட, இவளுக்கு ஆள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அவள் போன் செய்து அழுதால், ‘இப்ப எங்க இருக்க, குழந்தை சாப்பிட்டானா’ என்று கேளுங்கள். ‘அப்பவே சொன்னேனே’ என்பதைச் சொல்லாமல் விழுங்கிவிடுங்கள். அவள் அதைத் தனக்குத் தானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

இன்னும் ஒன்று. கோபத்தில் பல வீடுகளில் செய்வது, அவளுடைய சர்டிபிகேட்டுகளைப் பூட்டி வைப்பது. உடுத்திய துணியோடு போனவளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., டிகிரி, சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் அம்மாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடக்கின்றன. அவள் வந்து கெஞ்சினால் தரலாம் என்று அப்பா வைத்திருக்கிறார். அவள் வருவதில்லை. அதனால் படித்த படிப்புக்கு வேலை தேட முடிவதில்லை. பாதியில் விட்ட டிகிரியைத் தொடர முடிவதில்லை. கையில் ஒரு சம்பளம் இருந்தால், வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதியிலாவது ஓர் இடம் கேட்டுப் பார்க்கலாம். குழந்தையோடு ஒரு சின்ன அறையாவது வாடகைக்கு எடுக்கலாம். அந்தக் கவரை எடுத்து, யாரிடமாவது கொடுத்து, இந்த வாரமே அவள் கையில் சேர்த்துவிடுங்கள். அவனிடம் கொடுக்க வேண்டாம். அவள் கையில்.